கறிவேப்பிலைக்குள் ஒரு மனிதரின் பெயர்: காட்டு இஞ்சிகளை வகைப்படுத்திய கோனிக் யார்?

தாளிக்கும்போது எண்ணெயில் கிள்ளிப் போடும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரை கூகுள் செய்து பார்த்தால் இரண்டு விடை வரும். ஒன்று, முர்ராயா கோனிகி. இன்னொன்று, பெர்கெரா கோனிகி. முன்பாதி மாறினாலும் பின்பாதி மாறவில்லை. அந்தக் 'கோனிகி' ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. யோஹான் கெர்ஹார்ட் கோனிக். 18-ம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கு டாக்டராக வந்தவர். செடிகளைத் தேடித் தேடியே வாழ்ந்து, கடைசியில் காக்கிநாடா பக்கம் இறந்துபோனவர்.

அவருடைய பெயர் கறிவேப்பிலையில் நிலைத்திருக்கிறது. ஆனால் தாவரவியல் உலகம் அவரை அதிகம் தேடுவது இஞ்சிக் குடும்பத்துக்காக. இஞ்சி, மஞ்சள், ஏலக்காய், சித்தரத்தை, கச்சோலம் என நம் சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் இருக்கும் பாதிப் பொருட்கள் இந்த ஒரே குடும்பம்தான். இந்தக் குடும்பத்தின் காட்டுச் செடிகளை உயிரோடு, பூவோடு, வளர்ந்த இடத்திலேயே உட்கார்ந்து பிரித்துப் பார்த்து எழுதிய முன்னோடிகளில் கோனிக் முக்கியமானவர்.

நாமக்கல்லுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில் மூட்டைகள் விரலி, உருண்டை, பனங்காளி என்று தரம் பிரிக்கப்படும். ஏலத்துக்கு வருகிறவர்கள் மஞ்சளைக் கையில் எடுத்து, உடைத்து, உள்நிறம் பார்த்து விலை சொல்வார்கள். இதுவும் ஒருவகையில் வகைப்படுத்தல்தான். ஆனால் இவை மூன்றும் வேறு வேறு செடிகள் இல்லை. ஒரே செடியின் கிழங்கை உருவத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். செடியின் பெயர் குர்குமா லோங்கா.

சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரங்களில் மஞ்சள் போடும் விவசாயிகள் நடவுக்கு வைத்திருக்கும் கிழங்கை விதை மஞ்சள் என்பார்கள். உண்மையில் அது விதை இல்லை. மஞ்சள் செடி வழக்கமாக விதை வைப்பதே இல்லை. அதன் செல்களில் 63 குரோமோசோம்கள், அதாவது 21 வீதம் மூன்று தொகுதிகள் இருக்கின்றன. இரண்டால் சமமாகப் பிரிக்க முடியாத இந்த எண்ணிக்கையால் விதை உருவாவது தடைபடுகிறது. அதனால் கிழங்கைத் துண்டுபோட்டு நட்டுத்தான் பல தலைமுறைகளாக மஞ்சளைக் காப்பாற்றி வந்திருக்கிறோம்.

வயலில் இருப்பது ஒரு செடி. காட்டில் இருப்பது எத்தனை? உலகம் முழுக்க இஞ்சிக் குடும்பத்தில் சுமார் 1,600 சிற்றினங்கள் உள்ளன. இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 200. இலையை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிவது மிகக் கடினம். மஞ்சளின் இலையும் கஸ்தூரி மஞ்சளின் இலையும் பார்க்கப் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய வேண்டுமென்றால் பூவைப் பார்க்க வேண்டும். அந்தப் பூதான் பெரிய சிக்கல். அதைப் பிறகு பார்ப்போம்.

ஐஸ்லாந்து டு தரங்கம்பாடி

கோனிக் பிறந்தது 1728 நவம்பர் 29. ஊர், இன்றைய லாட்வியா நாட்டில் இருக்கும் கிராய்ட்ஸ்பர்க் பக்கம். அப்போது அது போலந்து ஆட்சியின் கீழ் இருந்த லிவோனியா. ஜெர்மன் மொழி பேசும் குடும்பம். 1757-ல் ஸ்வீடனில் கார்ல் லின்னேயஸிடம் மாணவராகச் சேர்ந்தார். எல்லா உயிருக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையை உலகத்துக்குப் பழக்கிய அதே லின்னேயஸ்தான்.

1759 முதல் 1767 வரை டென்மார்க்கில் இருந்தார். அந்த நாட்களில் ஐஸ்லாந்துக்குப் போய்ச் செடிகளை ஆராய்ந்தார். அங்கே கிடைத்த, விரல் உயரம்கூட வளராத ஒரு செடிக்கு கோனிகியா என்று மாணவரின் பெயரையே வைத்தார் லின்னேயஸ். துருவக் குளிரில் வாழும் செடி அது. ஆசிரியர் பிறகு அவர் பெயரை வைத்த இன்னொரு செடி நம் கறிவேப்பிலை. ஒரே மனிதரின் பெயர் பனிப்பிரதேசத்திலும் இருக்கிறது, நம் ரசத்திலும் மிதக்கிறது.

1767-ல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக நியமனம் ஆனார். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் வசம் இருந்த துறைமுகம். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. கப்பல் வழியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நின்றது. 1768 ஏப்ரல் மாதம் கிட்டத்தட்ட முழுக்க டேபிள் மலைப் பகுதியில் செடி சேகரித்து லின்னேயஸுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுபடி கப்பல் ஏறினார். தமிழ்நாட்டுக் கரையில் இறங்கியபோது அவருக்கு 39 வயது.

இந்தியச் செடிகளை ஐரோப்பியர்கள் பதிவு செய்வது அவரோடு தொடங்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கேரளக் கரையில் டச்சு ஆளுநர் வான் ரீட், உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு ஹோர்டுஸ் மலபாரிகஸ் என்ற 12 தொகுதி நூலை வெளியிட்டிருந்தார். அதில் இஞ்சியும் மஞ்சளும் ஏலமும் மலையாளப் பெயர்களோடு படமாக இருக்கின்றன. ஆனால் அது லின்னேயஸ் முறைக்கு முந்தைய நூல். இந்திய மண்ணில் நின்று, புதிய இருசொற்பெயர் முறையில் எழுதத் தொடங்கிய முதல் தலைமுறை ஆள் கோனிக்.

தரங்கம்பாடியில் அவரைச் சுற்றி ஒரு வட்டமே உருவானது. செடிகளைச் சேகரித்து, ஒருவருக்கொருவர் பகிர்ந்து, பெயர் குறித்து விவாதித்தவர்கள். அந்த வட்டத்தில் இருந்த ஒருவர் ராட்லர். பின்னாளில் தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்த அதே ராட்லர்தான். கோனிக் சேகரித்து அனுப்பிய பூச்சிகளை வைத்து ஐரோப்பாவில் ஃபாப்ரிசியஸ் பல சிற்றினங்களுக்குப் பெயர் சூட்டினார். கரையான்களைப் பற்றியும் கோனிக் ஒரு கட்டுரை எழுதினார். அது 1779-ல் வெளியானது.

சம்பளம் எங்கே, செடி எங்கே?

கோனிக்கின் வேலை வரலாற்றைப் பார்த்தால் இன்றைய ஐடி ஊழியர் ஒருவரின் ரெஸ்யூமே போல இருக்கும். மிஷன் டாக்டர் வேலையில் கரையோரத்தைத் தாண்டி அதிகம் சுற்ற முடியவில்லை. 1774-ல் ஆற்காடு நவாப் முகமது அலியிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். இந்த வேலை அவருக்கு ஊர் சுற்றும் சுதந்திரத்தைக் கொடுத்தது. வேலூர், ஆம்பூர் பக்கத்து மலைகளுக்குப் போனார். 1776-ல் நகரி மலைகளுக்கும் போய்வந்தார்.

ஆனால் நவாப் கடனில் மூழ்கியிருந்த காலம் அது. அங்கே கிடைத்த ஊதியம் இவ்வளவு பயணத்துக்குப் போதவில்லை. 1778 ஜூலை 17-ம் தேதி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தாவரவியலாளராக நியமித்தது. சாகும்வரை இந்த வேலையில்தான் இருந்தார்.

கம்பெனிக்குச் செடி மீது காதல் எதுவும் கிடையாது. விற்கக்கூடிய சாயம், மருந்து, வாசனைப் பொருள், கனிமம் எங்கே கிடைக்கும் என்பதுதான் அவர்கள் கணக்கு. கோனிக்குக்கு வேண்டியிருந்தது பயணச் செலவு. இரண்டும் ஒரு புள்ளியில் பொருந்தின.

கிழக்குக் கரையையும் வேலூர், நகரி மலைகளையும் சுற்றியவர் சேலம், நாமக்கல் பக்கம் ஏன் வரவில்லை என்ற கேள்வி எழலாம். அப்போது இந்தப் பகுதி ஹைதர் அலியின் மைசூர் ஆட்சியில் இருந்தது. கம்பெனிக்கும் மைசூருக்கும் மாறி மாறிப் போர். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகுதான் சேலம் கம்பெனி கைக்கு வந்தது. கோனிக் அதற்கு ஏழு ஆண்டு முன்பே இறந்துவிட்டார்.

இஞ்சிப் பூ ஏன் இவ்வளவு கஷ்டம்?

லின்னேயஸ் பூச்செடிகளைப் பிரித்த முறை எளிமையானது. பூவில் எத்தனை மகரந்தத் தாள் இருக்கிறது என்று எண்ணு, அதை வைத்து வகுப்பு பிரி. ஒரே ஒரு மகரந்தத் தாள் இருந்தால் முதல் வகுப்பு. அதற்கு மொனாண்ட்ரியா என்று பெயர். இஞ்சி, மஞ்சள், ஏலம் எல்லாம் இந்த வகுப்பில்தான் வருகின்றன. கல்வாழையும் இதில்தான்.

கேட்க ஈஸியாக இருக்கிறது. ஆனால் ஒரு காட்டு இஞ்சிப் பூவைக் கையில் எடுத்தால் தலை சுற்றும். பளிச்சென்று விரிந்து நிற்கும் பெரிய இதழைப் பார்த்ததும் அதுதான் அல்லி இதழ் என்று தோன்றும். அது இதழே இல்லை. மகரந்தம் உண்டாக்குவதை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து இதழ்போல மாறிய மகரந்தத் தாள்கள் அவை. உண்மையான இதழ்கள் பின்னால் சின்னதாக, கவனிக்கப்படாமல் நிற்கும். உருப்படியான ஒரே மகரந்தத் தாள், சூலகத்தின் தண்டைத் தன் இரண்டு பைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தாளின் நுனியில் கொம்பு இருக்கிறதா, கொண்டை இருக்கிறதா, அடியில் முள்போல நீட்டம் இருக்கிறதா? இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் ஒரு பேரினம் இன்னொன்றிலிருந்து பிரிகிறது.

மஞ்சள் வயலிலேயே இதைப் பார்க்கலாம். மஞ்சள் பூக்கதிர் எழும்பும்போது பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் தெரிவது பூ இல்லை, பூவடிச் செதில்கள். அசல் பூ அந்தச் செதிலின் மடிப்புக்குள் சின்னதாக, மஞ்சள் நிறத்தில் இருக்கும்.

அடுத்த சிக்கல், ஆயுள். இந்தக் குடும்பத்தின் பல பூக்கள் ஒரே நாளில் வாடிவிடும். தண்ணீர் சத்து அதிகம், சதை மெல்லியது. காகிதத்துக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்தால் கூழாகிக் கறையாக ஒட்டிக்கொள்ளும். 18-ம் நூற்றாண்டுத் தாவரவியல் நடந்ததே அழுத்திக் காயவைத்த செடிகளை நம்பித்தான். இந்தியாவில் ஒருவர் செடியைப் பறித்து, காயவைத்து, கப்பலில் அனுப்புவார். மாதக் கணக்கில் பயணித்து வரும் அந்தக் காய்ந்த செடியை ஐரோப்பாவில் ஒருவர் பிரித்துப் பார்த்துப் பெயர் வைப்பார். இஞ்சி விஷயத்தில் இந்த முறை பலிக்கவில்லை. கிழங்கும் இலையும் ஒழுங்காகப் போய்ச் சேரும், பூ போய்ச் சேராது.

அப்படியானால் ஒரே வழிதான் இருக்கிறது. பூ மலர்ந்திருக்கும் இடத்திலேயே, அது வாடுவதற்குள் உட்கார்ந்து எழுத வேண்டும். கோனிக் செய்தது அதைத்தான்.

ஃபூக்கெட் தீவில் ஒரு தாவரவியலாளர்

இன்று பலரும் ஹனிமூனுக்கும் ஆபீஸ் டூருக்கும் போகிற தாய்லாந்தின் ஃபூக்கெட் தீவை அன்று கப்பல்காரர்கள் ஜங்க் சிலோன் என்று அழைத்தார்கள். 1778-க்கும் 1780-க்கும் இடையே கம்பெனியின் தாவரவியலாளராக கோனிக் சயாம், மலாக்கா, ஜங்க் சிலோன் பகுதிகளில் சுற்றினார். மழைக்காடு, சதுப்பு, ஓடைக்கரை என்று காட்டு இஞ்சிகள் செழிக்கும் நிலம் அது.

அங்கே ஒவ்வொரு செடியையும் அடி முதல் நுனி வரை வர்ணித்து எழுதினார். கிழங்கு எப்படி, உடைத்தால் என்ன நிறம், என்ன வாசனை, பூக்கதிர் மண்ணிலிருந்து எழுகிறதா இலைத்தண்டின் உச்சியிலிருந்தா, மகரந்தத் தாளின் வடிவம் என்ன என்று வரிசையாகக் குறித்தார். ஊர் மக்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் விடவில்லை. லங்குவாஸ் என்று அவர் ஒரு பேரினத்துக்கு வைத்த பெயர், மலாய் மக்கள் அரத்தையைச் சொல்லும் லெங்குவாஸ் என்ற சொல்லையே ஒட்டியது.

இந்தக் குறிப்புகளை அவர் தனி நூலாக வெளியிடவில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் இருந்த ரெட்சியஸ் என்ற தாவரவியலாளருக்கு அவை போய்ச் சேர்ந்தன. 1783-ல் தன் நூல் வரிசையின் மூன்றாவது பகுதியில், கோனிக்கின் பெயரோடு அவற்றை அச்சிட்டார் ரெட்சியஸ். ஒரே மகரந்தத் தாள் கொண்ட செடிகளைப் பற்றிய அந்த லத்தீன் வர்ணனைகள்தான் ஆசிய இஞ்சி ஆய்வின் அடிக்கல். இஞ்சிக் குடும்பச் செடிகளின் பெயருக்குப் பின்னால் கோனிக், 1783 என்ற குறிப்பு இன்றும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இந்த நூல்தான்.

அவர் வைத்த பெயர்கள் என்ன ஆயின?

சில பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன. ஓடைக்கரைகளில் வெள்ளை வெளேரென்று பூத்து மணக்கும் ஹெடிகியம் கொரோனேரியம் அதில் ஒன்று. கேரளத்தில் கல்யாண சௌகந்திகம் என்பார்கள். இனிமை, பனி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஹெடிகியம். மாலைக்கு உகந்தது என்ற பொருளில் கொரோனேரியம். பேரினம், சிற்றினம் இரண்டும் கோனிக் கொடுத்தவை. நம் ஆசியாவின் இந்தப் பூதான் கடல் கடந்து போய் இன்று கியூபாவின் தேசிய மலராக இருக்கிறது.

சில பெயர்கள் பந்தாடப்பட்டன. நம் ஊர் ஈரமான புதர்களில் வளரும் கோஷ்டம் என்ற செடி. படிக்கட்டு சுற்றுவதுபோல இலைகள் தண்டைச் சுற்றி ஏறும். நுனியில் சிவப்புச் செதில்கள், அதிலிருந்து கசங்கிய காகிதம்போல வெள்ளைப் பூ. இதற்கு ஜோசப் பேங்க்ஸ் என்ற புகழ்பெற்ற ஆய்வாளரின் நினைவாக பேங்க்சியா ஸ்பெசியோசா என்று பெயர் வைத்தார் கோனிக். ஆனால் 1782-லேயே லின்னேயஸின் மகன், ஆஸ்திரேலியச் செடி ஒன்றுக்கு பேங்க்ஸ் பெயரை வைத்துவிட்டார். கோனிக்கின் பெயர் அச்சானது அதற்கு அடுத்த ஆண்டு. ஒரே ஆண்டு வித்தியாசத்தில் அது செல்லாமல் போனது.

அதன்பின் அந்தச் செடி நீண்ட காலம் காஸ்டஸ் ஸ்பெசியோசஸ். 2006-ல் கைலோகாஸ்டஸ் ஆனது. பிறகு ரெட்சியஸ் 1791-ல் வைத்த பழைய பெயரைத் தூசு தட்டி எடுத்து, இப்போது ஹெலனியா ஸ்பெசியோசா என்கிறார்கள். குடும்பமும் மாறிவிட்டது. இஞ்சிக் குடும்பத்தில் இருந்ததைப் பிரித்து காஸ்டேசி என்று தனிக் குடும்பம் ஆக்கிவிட்டார்கள். வீட்டுத் தொட்டியில் பலர் வளர்க்கும் இன்சுலின் செடியும் இதே குடும்பம்தான். இவ்வளவு மாறியும் ஸ்பெசியோசா என்ற பின்பாதி மட்டும் கோனிக் வைத்தபடியே தொடர்கிறது. முதலில் வர்ணித்தவர் வைத்த சிற்றினப் பெயரை எந்தப் பேரினத்துக்கு மாற்றினாலும் கூடவே எடுத்துப் போக வேண்டும் என்பது தாவரவியல் விதி.

சொல் இருக்கிறது, செடி இல்லை

கோனிக்கின் பலம் எதுவோ அதுவே அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குத் தலைவலி ஆனது. உயிருள்ள பூவைப் பார்த்து அருமையாக எழுதினார். ஆனால் அவர் வர்ணித்த பல இஞ்சிகளுக்கு, இதுதான் அந்தச் செடி என்று எடுத்துக்காட்ட உலர்ந்த மாதிரி இல்லை. வர்ணனை மட்டுமே சாட்சி.

இதனால் என்ன ஆகும்? ஓர் உதாரணம். அமோமம் மொன்டானம் என்று கோனிக் ஒரு காட்டு இஞ்சிக்குப் பெயர் வைத்தார். பின்னாளில் சிஞ்சிபர் மொன்டானம் என்று மாறிய அந்தப் பெயர், தாய்லாந்தில் ப்ளாய் என்று அழைக்கப்படும் மருத்துவ இஞ்சிக்குப் பல காலம் பயன்படுத்தப்பட்டது. அதே ப்ளாய்க்கு 1807-ல் ராஸ்கோ சிஞ்சிபர் பர்பூரியம் என்றும், 1810-ல் ராக்ஸ்பர்க் சிஞ்சிபர் கசுமுனார் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். கோனிக் பார்த்தது ப்ளாய்தானா, வேறு செடியா என்ற விவாதம் இந்த நூற்றாண்டு வரை இழுத்தது. வலி நிவாரணத் தைலத்துக்கு உலகம் முழுக்க ஆய்வு செய்யப்படும் செடி அது. ஒரே செடியைப் பற்றிய ஆய்வுகள் மூன்று பெயர்களில் சிதறிக் கிடந்தால், ஒன்றைத் தேடுகிறவர் மற்ற இரண்டையும் தவறவிடுவார்.

இன்று ஒரு புதிய சிற்றினத்தை அறிவிக்க வேண்டுமென்றால் வர்ணனை மட்டும் போதாது. ஒரு மாதிரிச் செடியை உலர்தாவரத் தொகுப்பு ஒன்றில் வைத்தே ஆக வேண்டும். இஞ்சி ஆய்வாளர்கள் அதோடு பூவைத் தனியாகச் சாராயக் கரைசலில் ஊறவைப்பார்கள், பாகம் பாகமாகப் பிரித்து போட்டோ எடுப்பார்கள், கிழங்கைத் தோட்டத்தில் நட்டு அடுத்த பருவப் பூவுக்காகக் காத்திருப்பார்கள்.

கடைசிப் பயணம்

சயாமிலிருந்து திரும்பிய பிறகும் கோனிக் ஓயவில்லை. இலங்கையில் செடி சேகரித்தார். பிறகு கல்கத்தா நோக்கிக் கிளம்பினார். வழியில் விசாகப்பட்டினத்தில் பேட்ரிக் ரஸல் என்ற மருத்துவரைச் சந்தித்தார். பாம்புகள் பற்றிய ஆய்வுக்காக இன்றும் நினைக்கப்படுபவர் ரஸல். இந்தப் பயணத்தில் கோனிக்கைச் சீதபேதி தாக்கியது. சாமல்கோட்டையில் கம்பெனி மருத்துவராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் வந்து பார்த்தார். பலனில்லை. 1785 ஜூன் 26-ம் தேதி, காக்கிநாடாவை ஒட்டிய ஜகந்நாதபுரத்தில் கோனிக் இறந்தார். வயது 56.

சேர்த்து வைத்த எழுத்துகளை எல்லாம் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு விட்டுச் சென்றார். பூவில் நிற்காமல் போன அதே பேங்க்ஸ். சயாம், மலாக்கா பயணக் குறிப்பு அந்தக் காகிதங்களுக்குள்ளேயே கிடந்து, ஒரு நூற்றாண்டு கழித்து 1894-ல்தான் ஆங்கிலத்தில் அச்சேறியது.

அவருக்குப் பிறகு

கோனிக்கிடம் கற்றுக்கொண்ட ராக்ஸ்பர்க் 1793-ல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்தார். இந்தியாவின் பல மூலைகளிலிருந்து காட்டு இஞ்சி, காட்டு மஞ்சள் கிழங்குகளை வரவழைத்து நட்டு, பூக்கும்வரை காத்திருந்து எழுதினார். உள்ளூர் ஓவியர்கள் அவற்றைப் படமாக வரைந்தார்கள். லிவர்பூலில் ராஸ்கோ, கண்ணாடி வீடுகளில் வளர்த்த உயிருள்ள செடிகளை வைத்து 1807-ல் இந்தக் குடும்பத்தைத் திருத்தி அமைத்தார். நாம் சாப்பிடும் இஞ்சிக்கு இன்றுள்ள சிஞ்சிபர் அஃபிசினாலே என்ற பெயர் அவர் கொடுத்தது. இருவருமே காய்ந்த செடியை நம்பவில்லை.

சேலம், நாமக்கல் பகுதிக்கு முறையான தாவரக் கணக்கு வந்தது வெகு பிந்தி. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் இருந்த பாதிரியார் கே.எம்.மேத்யூ, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை உள்ளிட்ட பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் நடந்து, தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்கள் பற்றிய பெரும் தொகுதிகளை 1980-களில் வெளியிட்டார். தென்னிந்திய இஞ்சிக் குடும்பத்துக்கென்றே தனி நூல் 2006-ல் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் எம்.சாபுவிடமிருந்து வந்தது. கோனிக் வர்ணித்து இரு நூற்றாண்டுக்குப் பிறகும் வேலை முடியவில்லை. இந்தக் குடும்பத்தில் புதிய சிற்றினங்கள் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

பெயர் சரியாக இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

முகத்துக்குப் பூச ஆன்லைனில் கஸ்தூரி மஞ்சள் வாங்குகிறீர்கள். பொடி நல்ல மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. அங்கேயே சந்தேகப்பட வேண்டும். கஸ்தூரி மஞ்சள் எனப்படும் குர்குமா அரோமாடிகாவின் கிழங்கு உள்ளே வெளிறிய நிறம், கற்பூரம் கலந்ததுபோன்ற வாசனை. கெட்டியான மஞ்சள் நிறத்தில் கிடைப்பது பெரும்பாலும் அதன் உறவுக்கார காட்டு மஞ்சளாகவோ சாதா மஞ்சளாகவோதான் இருக்கும். பொடியாக்கிய பிறகு இலையும் இல்லை, பூவும் இல்லை. வாங்குபவரிடம் எஞ்சி இருப்பது லேபிளில் உள்ள பெயர் மட்டும். உண்மையான செடியைப் பயிரிடுகிற விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

இன்னொன்று 1990-களில் நடந்தது. காயத்தை ஆற்ற மஞ்சள் பூசுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகமான சி.எஸ்.ஐ.ஆர் எதிர்த்து வழக்காடி, பழைய நூல்களிலிருந்து ஆதாரங்களை எடுத்து வைத்தது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது மட்டும் அந்த வழக்கில் போதுமானதாக இல்லை. எந்தச் செடி, எதற்குப் பயன்பட்டது என்பது எழுத்தில் இருந்ததுதான் காப்பாற்றியது.

கோனிக்கின் வாழ்க்கையை மதிப்பிடும்போது இந்தக் கோணமும் சேர வேண்டும். கம்பெனிச் சம்பளத்தில், கம்பெனியின் வியாபாரத் தேவைக்காக அவர் காடு சுற்றினார். செடி இருக்கும் இடத்தைக் காட்டியவர்கள், கிழங்கைத் தோண்டிக் கொடுத்தவர்கள், எது மருந்து எது விஷம் என்று சொன்னவர்கள் உள்ளூர் மக்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தச் செடிக்கும் வைக்கப்படவில்லை. கறிவேப்பிலையைப் பல நூற்றாண்டுகளாகச் சமைத்த ஊரில், அதன் பெயரில் இருப்பவர் லாட்வியாவில் பிறந்த ஒரு டாக்டர்.

அதேசமயம், தன் பெயரில் ஒரு முழுப் புத்தகம்கூட வெளிவராமல், மூன்று முதலாளிகளிடம் மாறி, ஊருக்குத் திரும்பாமலே போன அந்த மனிதர் எழுதி வைத்த வரிகளை, ஒரு காட்டு இஞ்சியை அடையாளம் காண வேண்டியிருக்கும் ஆய்வாளர் இன்றும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் வாடிவிடும் பூக்களைப் பற்றி 1783-ல் அச்சான அந்த லத்தீன் குறிப்புகளைத் தாண்டி யாராலும் போக முடியாது. சேலம், நாமக்கல் வயல்களில் அடுத்த முறை மஞ்சள் பூக்கும்போது, வெளியே பளிச்சென்று தெரியும் செதிலைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பாருங்கள். கோனிக் குனிந்து எண்ணியது அந்தச் சின்னப் பூவுக்குள் இருக்கும் ஒற்றை மகரந்தத் தாளைத்தான்.